அந்தப் பிள்ளைக்கு எப்படியும் கிடைத்திருக்குமா?

(அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோர்களின் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சனிக்கிழமை மாலை. பிள்ளைகளைப் பாட்டு வகுப்பிலும் நீச்சல் வகுப்பிலும் விட்டுவிட்டு, மானிய விதிகளைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். உங்கள் பொறுமையை நான் மெச்சுகிறேன். தலைப்பைச் சொன்னதும் என் மனைவியே இங்கே வர மறுத்துவிட்டார்.

உங்கள் ஊர்ப் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போயிருப்பீர்கள். கால்பந்து மைதானத்து விளக்குகளுக்காக ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். பள்ளிப் பேருந்து போகும் வழியை மாற்றப் போகிறார்கள் என்றால் ஊரே திரண்டு வரும். நடுவில், ஃபெடரல் மானியங்களை ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு தீர்மானம் வரும். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், அத்தோடு சரி. அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருக்கும் காகிதங்களோடுதான் என் பிழைப்பு ஓடியது. ஒரு பள்ளி மாவட்டத்தின் மானியக் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான்.

பொதுப் பள்ளிகளுக்கு இந்த நாடு செலவழிக்கும் ஒவ்வொரு நூறு டாலரிலும் ஃபெடரல் அரசு தருவது, சாதாரண ஆண்டுகளில், பத்து டாலரை ஒட்டித்தான் இருக்கும். மீதியெல்லாம் மாநில வரி, உங்கள் வீட்டுவரி. ஆனால் கணக்குப் பிரிவில் அந்தப் பத்து டாலர் கேட்கும் உழைப்பு மற்றத் தொண்ணூறும் சேர்ந்து கேட்காது. காரணம் இந்த நாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. அது மாநிலங்களின் பாடு. 1979-ல் ஜிம்மி கார்ட்டர் காலத்தில் கல்வித்துறை என்று தனியாக ஒன்றை உண்டாக்கிய சட்டமும், பாடத்திட்டத்தில் கை வைக்கக் கூடாது என்று அந்தத் துறைக்குக் கடிவாளம் போட்டுத்தான் உண்டாக்கியது. எதைக் கற்பிக்க வேண்டும் என்று வாஷிங்டன் சொல்ல முடியாது. பணம் தரலாம், தரும்போது நிபந்தனை போடலாம். ஆகவே வாஷிங்டனுக்குக் கல்வியில் உள்ள செல்வாக்கில் பெரும்பங்கு நிபந்தனை வடிவில்தான் பள்ளிக்கு வந்து சேர்கிறது.

கதை 1965 ஏப்ரல் 11-ல் தொடங்குகிறது. டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்டோன்வால் என்ற சிற்றூர். அங்கே ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. லிண்டன் ஜான்சன் சிறுவனாக எழுத்துப் படித்த இடம். ஜனாதிபதியான பிறகு அந்தக் கட்டடத்துக்கு வெளியே ஒரு மேசையைப் போட்டு, தனக்கு முதன்முதலில் பாடம் சொல்லித் தந்த கேட் லோனி அம்மையாரைப் பக்கத்தில் அமர வைத்துக்கொண்டு, தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே கொட்டுலா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர் அவர். பசியோடு வகுப்புக்கு வரும் பிள்ளையை நேரில் பார்த்தவர். சட்டம் நாடாளுமன்றத்தில் மூன்றே மாதத்துக்குள் நிறைவேறியது. அதன் முதல் தலைப்புக்கு டைட்டில் ஒன் என்று பெயர். வறுமை மிகுந்த பகுதிப் பள்ளிகளுக்குக் கூடுதல் பணம். முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய 100 கோடி டாலர். இன்று அது ஆண்டுக்கு 1,800 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

பணம் போனது. எங்கே போனது என்று கேட்க ஆள் இல்லை. அன்றைய கல்வி அலுவலகம் சின்னஞ்சிறியது. மாநிலங்களைப் பகைத்துக்கொள்ள அதற்குத் துணிவும் இல்லை. நான்கு ஆண்டு கழித்து, 1969-ல், ரூபி மார்ட்டின், ஃபிலிஸ் மெக்ளூர் என்ற இரு பெண்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கறுப்பின மக்களுக்காக வழக்காடிய என்.ஏ.ஏ.சி.பி. சட்ட நிதியமும் அதன் பின்னால் இருந்தது. அரசின் சொந்தத் தணிக்கை அறிக்கைகளையே புரட்டிப் பார்த்து அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தப் பணம் ஏழைப் பிள்ளைகளுக்குப் பயன்படுகிறதா? பதில் வெட்கக்கேடாக இருந்தது. ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு வந்த பணத்தில் நீச்சல் குளம் வாங்கியிருந்தார்கள். மாவட்டத்தின் அன்றாடச் செலவுகளை அதில் கட்டியிருந்தார்கள். தென் மாநிலங்களில், வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிகளில் உள்ளூர் வரிப்பணத்தில் ஏற்கெனவே இருந்த வசதிகளை, கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு டைட்டில் ஒன் பணத்தில் செய்து கொடுத்திருந்தார்கள். இதில் உள்ள தந்திரத்தைக் கவனியுங்கள். யாரும் திருடிப் பைக்குள் போடவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஊர் கொடுத்திருக்க வேண்டியதை வாஷிங்டன் பணத்தில் கொடுத்துவிட்டு, ஊர்ப்பணத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். கணக்குப் புத்தகத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். பிள்ளையின் கையில் மட்டும் ஒன்றும் கூடியிருக்காது.

இதைத் தடுக்கத்தான் 1970-ல் இரண்டு விதிகளைச் சட்டத்திலேயே எழுதினார்கள். ஒன்று, ஃபெடரல் பணம் உள்ளூர்ப் பணத்தின் மேல் கூடுதலாகச் சேர வேண்டும், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது. இரண்டு, ஃபெடரல் பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் ஏழைப் பகுதிப் பள்ளிக்கும் மற்றப் பள்ளிக்கும் கிடைப்பது ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும். நான் இன்று பேசப் போவதில் பாதி இந்த இரண்டு விதிகளின் கதைதான்.

முதல் விதியைச் செயல்படுத்த ஆடிட்டர்கள் மூன்று கேள்வி வைத்திருந்தார்கள். இந்தச் செலவைச் செய்தே ஆக வேண்டும் என்று வேறு சட்டம் ஏதாவது உங்களைக் கட்டாயப்படுத்துகிறதா? போன ஆண்டு இதே செலவை உள்ளூர்ப் பணத்தில் செய்தீர்களா? டைட்டில் ஒன்னில் இல்லாத பிள்ளைகளுக்கு இதே சேவையை உள்ளூர்ப் பணத்தில் தருகிறீர்களா? மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் சிக்கல்தான். ஒரு நூலகரின் சம்பளம் போன ஆண்டு ஊர்ப்பணத்தில் போனது. இந்த ஆண்டு பற்றாக்குறை என்று டைட்டில் ஒன்னுக்கு மாற்றினால், ஆட்சேபணை. அதே நூலகரின் அதே உழைப்பு, அதே பிள்ளைகள். ஆனாலும் ஆட்சேபணை. ஏனென்றால் பிள்ளைக்குப் புதிதாக எதுவும் வரவில்லை.

இந்த விதிக்குப் பல் உண்டு என்பதைக் காட்டியது கென்டக்கி வழக்கு. 1974-ஆம் நிதியாண்டில் கென்டக்கியின் சில மாவட்டங்கள், பின்தங்கிய முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று சிறு வகுப்புகளை நடத்தின. நல்ல எண்ணம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் வழக்கமான வகுப்புக்குப் போகவே இல்லை. மாநிலம் தந்திருக்க வேண்டிய சாதாரண வகுப்பின் இடத்தில் ஃபெடரல் வகுப்பு உட்கார்ந்துகொண்டது. ஏறக்குறைய 3,38,000 டாலரைத் திருப்பிக் கட்டு என்றது கல்வித்துறை. விதி தெளிவாக இல்லை, நாங்கள் நல்லெண்ணத்தோடுதான் நடந்தோம் என்றது மாநிலம். 1985-ல் உச்ச நீதிமன்றம் நல்லெண்ணம் போதாது என்று தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பணம் வாங்கினாய், நிபந்தனை மீறப்பட்டது, பணத்தைத் திருப்பித் தா. சாரம் இவ்வளவுதான்.

திருப்பிக் கேட்பதற்குக் காலவரம்பு உண்டு. நோட்டீஸ் வருவதற்கு ஐந்து ஆண்டுக்கு முந்திய செலவைக் கேட்க முடியாது. ஆனால் ஐந்து ஆண்டு என்பது ஒரு சூப்பரின்டெண்டென்ட் வந்து, புகழ்பெற்று, வேறு ஊருக்குப் போய்விடப் போதுமான காலம். பதில் சொல்ல எஞ்சுவது கணக்குப் பிரிவு மட்டுமே. என் போன்றவர்களின் சுபாவம் ஏன் இப்படிச் சந்தேகம் பிடித்ததாக இருக்கிறது என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

இங்கேதான் கதை திரும்புகிறது. நீச்சல் குளம் வாங்கியவர்களை விட்டுவிடுங்கள், அவர்கள் சிலர். நல்ல மாவட்டங்கள் என்ன செய்தன? கூடுதலாகத்தான் தருகிறோம் என்று ஆடிட்டருக்கு நிரூபிக்க வேண்டும். எளிய வழி எது? டைட்டில் ஒன் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்துவிடுவது. வாசிப்புப் பாடம் நடக்கும்போது ஆறேழு பிள்ளைகளை வகுப்பிலிருந்து எழுப்பி, நடைக்கோடியில் உள்ள சிறு அறைக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு தனி ஆசிரியை; பல இடங்களில் ஆசிரியப் பயிற்சியே இல்லாத உதவியாளர். மேசைக்கும் கணினிக்கும் டைட்டில் ஒன் என்று ஒட்டுத்தாள். மற்றப் பிள்ளை தொடக் கூடாது. ஆடிட்டர் வந்தால் கண்ணால் பார்த்துவிடலாம்: இதோ பணம், இதோ பிள்ளை. ஆனால் பிள்ளையின் பக்கத்திலிருந்து பாருங்கள். வாசிக்கத் திணறும் பிள்ளை வாசிப்புப் பாடத்தையே தவறவிடுகிறது. தனி அறையில் கற்றதற்கும் வகுப்பில் நடப்பதற்கும் தொடர்பு இருப்பதில்லை. எழுந்து போகும்போது முப்பது கண்கள் முதுகில் விழும். பள்ளிக்கல்வியின் வடிவத்தையே கணக்குப் புத்தகத்தின் வசதிக்காக மாற்றினோம் என்றால் அது மிகையில்லை.

இந்தத் தவறு பெரியவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. 1978-லேயே, நான்கில் மூன்று பங்கு பிள்ளைகள் ஏழைகளாக இருக்கும் பள்ளியில், பணத்தைப் பள்ளி முழுவதற்கும் சேர்த்துச் செலவிடலாம் என்று ஒரு கதவைத் திறந்தார்கள். அந்தக் கதவு வழியாகப் போக மாவட்டங்கள் கூடுதல் பணம் போட வேண்டியிருந்ததால் போனவர்கள் குறைவு. 1988-ல் அந்தத் தடையை நீக்கினார்கள். 1994-ல் வரம்பு ஐம்பது சதவீதமானது. 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாற்பது சதவீதம் என்று இறங்கியது. 2015 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் இன்னும் ஒரு படி போனது. ஒவ்வொரு செலவாக எடுத்து மூன்று கேள்வி கேட்பதை விட்டுவிடு. மாவட்டம் தன் சொந்தப் பணத்தைப் பள்ளிகளுக்குப் பங்கிடும்போது, டைட்டில் ஒன் வருகிறதே என்பதற்காக எந்தப் பள்ளியின் பங்கையும் குறைக்கிறதா என்று மட்டும் பார். ஐம்பது ஆண்டுக்குப் பிறகு கேள்வி, கேட்டிருக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

விதி மாறிவிட்டது. பழக்கம் மாறியதா? 2015-க்குப் பிறகும் பல மாவட்டங்களில் அந்த மூன்று கேள்வி உள்ள படிவம் ஃபைலில் இருந்தது. ஏன் என்று கேட்டால், இருந்துவிட்டுப் போகட்டுமே, பாதுகாப்புதானே என்பார்கள். என் மதிப்பீட்டில், இந்தத் துறையில் முறைகேட்டால் வீணாகும் பணத்தைவிட, ஆட்சேபணைக்குப் பயந்து உருப்படாத வழியில் செலவாகும் பணம் அதிகம். இதற்குப் புள்ளிவிவரம் கேட்காதீர்கள். பயத்துக்குக் கணக்குத் தலைப்பு கிடையாது.

இனி அன்றாட வேலைக்கு வருகிறேன். கொஞ்சம் வறண்ட பகுதி, சீக்கிரம் கடந்துவிடுகிறேன்.

முன்பு எட்டுச் சுற்றறிக்கைகளில் சிதறிக் கிடந்த மானியச் செலவு விதிகளையெல்லாம் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் 2013 டிசம்பரில் ஒரே தொகுப்பாக்கியது. யூனிஃபார்ம் கைடன்ஸ் என்பார்கள்; சட்டப் புத்தகத்தில் 2 சி.எஃப்.ஆர். 200. ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. கல்வித்துறைக்கே உரிய விதிகள் எட்கர் என்ற பெயரில் தனியாக இருக்கின்றன. எந்தச் செலவானாலும் அடிப்படையில் பார்ப்பது இதுதான்: அந்த மானியத்தின் வேலைக்கு அது தேவையா, விவேகமுள்ள ஒருவர் அந்த விலை கொடுப்பாரா, எந்த மானியம் பயனடைகிறதோ அந்த அளவுக்குத்தான் அதன் தலையில் எழுதியிருக்கிறதா, காகிதம் இருக்கிறதா. மதுவகைகள் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. அரசியல் ஆதரவு திரட்டுவதும் அபராதம் கட்டுவதும் கூடாது. அதிலெல்லாம் வாதமே இல்லை.

வாதம் வருவது சம்பளத்தில். பள்ளிச் செலவில் பெரும்பகுதி சம்பளம்தான். ஓர் ஆசிரியை காலையில் டைட்டில் ஒன் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பயிற்சி, மதியம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான ஐடியா சட்ட மானியத்தில் பயிற்சி என்று இருந்தால், அவர் சம்பளம் இரண்டு மானியத்திலும் பிரிந்து விழும். பட்ஜெட் போடும்போது பாதிப் பாதி என்று எழுதியிருப்போம். அது உத்தேசம். ஆண்டு முடிவில் அவர் உண்மையில் செய்த வேலை அறுபதுக்கு நாற்பது என்றால் சம்பளத்தையும் அறுபதுக்கு நாற்பதாகத் திருத்த வேண்டும். ஆசிரியைகளுக்கு இந்தப் படிவத்தைக் கண்டாலே எரிச்சல். என்னை நம்பவில்லையா என்பார்கள். அவர்களுக்கு நான் நம் ஊர் மொய் நோட்டைப் பற்றிச் சொல்வதுண்டு. கல்யாண வாசலில் நோட்டோடு ஒருவர் உட்கார்ந்து, பெயர், ஊர், தொகை என்று எழுதுவார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, எழுதாமல் விட்டால்தான் கோபம். இந்தச் சம்பளப் பதிவில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய சுற்றறிக்கைகள் அரையாண்டுக்கு ஒரு சான்று, மாதம் ஒரு படிவம் என்று வடிவத்தையே கட்டளையிட்டன. 2014-க்குப் பிறகான விதி, செய்த வேலையை உண்மையாகக் காட்டும் நம்பகமான பதிவு இருந்தால் போதும் என்கிறது. பழைய படிவம்தான் பல இடங்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்து, நாள் கணக்கு. கேட்கச் சுவையாக இருக்கும். மானியம் பொதுவாக ஜூலை 1-ல் தொடங்குகிறது. மேரிலாந்து செனட்டர் ஜோசப் டைடிங்ஸ் பெயரால் வழங்கும் ஒரு திருத்தத்தின் புண்ணியத்தில், செலவாகாத பணத்தை இன்னொரு ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 27 மாதம், செப்டம்பர் 30-ல் கதவு மூடும். அதற்குள் செலவுக்குக் கடமைப்பட்டிருக்க வேண்டும். எப்போது கடமைப்பட்டதாக ஆகும்? இதற்கு எட்கரில் ஓர் அட்டவணையே இருக்கிறது. பொருள் வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் ஆன நாள். வெளியாளைப் பயிற்சிக்கு அமர்த்தினால், அதுவும் ஒப்பந்த நாள். ஆனால் நம் சொந்த ஊழியரின் உழைப்பு என்றால், அவர் வேலை செய்த நாள். மின்சாரம் என்றால், எரிந்த நாள். பயணம் என்றால், பயணம் செய்த நாள். ஆகஸ்டிலேயே மலிவாக டிக்கெட் எடுத்தாலும், விமானம் அக்டோபர் 5-ல் என்றால், அந்தப் பயணம் மூடிய கதவுக்கு வெளியே நிற்கிறது. விதியைக் குறை சொல்லாதீர்கள். இல்லையென்றால் செப்டம்பர் கடைசி வாரத்தில் அடுத்த மூன்று ஆண்டுக்கான மாநாட்டு டிக்கெட்டெல்லாம் வாங்கிப் போட்டுவிடுவார்கள். எனக்கு மனிதர்களைத் தெரியும்.

வாஷிங்டனிலிருந்து பணத்தை முன்கூட்டியே இழுத்து வங்கியில் போட்டு வட்டி பார்ப்பதும் முடியாது. நிர்வாகச் செலவுக்கென்று ஆண்டுக்கு 500 டாலர் வரை வட்டியை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வந்தது அரசுக்கு.

பயத்துக்கு ஒரு சின்ன உதாரணம்: சிற்றுண்டி. கருத்தரங்குகளில் ஃபெடரல் பணத்தில் உணவு வாங்குவது அவசியம் என்று நிரூபிப்பது கடினம் என்று கல்வித்துறை எழுதியது உண்மை. அதைப் படித்த மாவட்டங்கள் பலவும் பெற்றோர் கூட்டத்தில் ஒரு காப்பி, பிஸ்கெட் கூட வைக்காமல் நிறுத்திவிட்டன. டைட்டில் ஒன் சட்டமோ பெற்றோரைப் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, அதற்குத் தனியாகப் பணமும் ஒதுக்கச் சொல்கிறது. இரண்டாவது வேலையை முடித்துவிட்டு மாலை ஏழு மணிக்குப் பசியோடு வரும் தாய்க்கு நியாயமான அளவில் சிற்றுண்டி தருவதற்கு விதியில் இடம் இருக்கிறது. ஏன் அவசியம் என்று நாலு வரி எழுதி ஃபைலில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நாலு வரி எழுத அஞ்சி, கூட்டத்தைக் காலி நாற்காலிகளோடு நடத்துகிறோம்.

நிஜமான திருட்டும் இருக்கிறது, மறைக்கவில்லை. பியூர்ட்டோ ரிக்கோவின் கல்விச் செயலராக இருந்த விக்டர் ஃபகார்டோ ஒப்பந்தக்காரர்களிடம் பணம் பறித்ததற்காகச் சிறை சென்றார். பின்னாளில் அந்தத் தீவின் கல்வித்துறை ஃபெடரல் பணத்தைத் தானே கையாள முடியாமல், வெளியார் நிறுவனமொன்றைப் பொறுப்பாளராக அமர்த்த வேண்டி வந்தது. உயர்கல்வியில் ட்யூக் பல்கலைக்கழகம், ஆராய்ச்சி மானியங்களுக்காகப் பொய்யான ஆய்வுத் தரவுகள் தந்ததான வழக்கில் 2019-ல் 11 கோடியே 25 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. அதற்குப் பயன்பட்டது லிங்கன் காலத்து, 1863-ஆம் ஆண்டுச் சட்டம். உள்நாட்டுப் போரில் படைக்குக் கெட்டுப்போன சரக்கு விற்றவர்களைப் பிடிக்கப் போட்ட சட்டம் அது.

கொரோனா காலம் இந்த எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சோதித்தது. 2020 மார்ச்சில் 1,320 கோடி டாலர், அந்த டிசம்பரில் 5,430 கோடி, 2021 மார்ச்சில் ஏறக்குறைய 12,200 கோடி. மூன்றும் சேர்ந்து 19,000 கோடி டாலர் அளவுக்குப் பள்ளிகளுக்கு வந்தது. டைட்டில் ஒன் கிடைக்கும் விகிதத்திலேயே பங்கிட்டார்கள். ஆனால் டைட்டில் ஒன் நிபந்தனைகளைப் போடவில்லை. கூடுதலாகத்தான் தர வேண்டும் என்ற விதி இல்லை. மூன்றாவது தவணையில் மாவட்டத்தின் பங்கில் ஐந்தில் ஒரு பகுதியைப் பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்பதற்கு ஒதுக்க வேண்டும் என்பது ஒரு கனமான நிபந்தனை. விளைவு இரண்டு விதமாகவும் இருந்தது. பல பள்ளிகள் பயமின்றி நல்ல காரியம் செய்தன: செவிலியரை அமர்த்தின, கோடை வகுப்பு நடத்தின, பழைய காற்றோட்டக் குழாய்களை மாற்றின. சில மாவட்டங்கள் விளையாட்டு மைதானங்களுக்குச் செயற்கைப் புல் போட்டன. 1960-களில் நீச்சல் குளம், 2021-ல் புல். புல் விஷயத்தில் சட்டப்படி தவறு கண்டுபிடிப்பதும் எளிதாக இல்லை.

அதில் மூன்றாவது தவணைப் பணத்துக்குக் கடமைப்படக் கடைசி நாள் 2024 செப்டம்பர் 30. பட்டுவாடாவுக்குக் கூடுதல் அவகாசம் கேட்டு வாங்கிய மாநிலங்கள் 2026 மார்ச் வரை நேரம் இருக்கிறது என்று நம்பியிருந்தன. 2025 மார்ச் 28-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை, செயலர் லிண்டா மக்மஹோனின் கடிதம் வந்தது: அவகாசம் அன்றோடு முடிந்தது. மாநிலங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. அதே ஆண்டு ஜூலை 1-ல் வழக்கமாக வர வேண்டிய 600 கோடி டாலருக்கு மேற்பட்ட மானியங்களை நிறுத்தி வைத்து, அந்த மாதக் கடைசியில்தான் விடுவித்தார்கள். கணக்குப் பிரிவில் நாங்கள் எப்போதும் மாவட்டம் விதிக்குக் கட்டுப்படுகிறதா என்றே பார்த்துப் பழகியவர்கள். கொடுப்பவரும் கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டவர் என்பதை நீதிமன்றத்தில் போய்க் கேட்க வேண்டிய காலம் வரும் என்று நினைக்கவில்லை. இதற்கிடையே கல்வித்துறையின் ஊழியர் எண்ணிக்கை 4,100 அளவிலிருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. விதிகளில் ஒன்றும் குறையவில்லை. சந்தேகம் வந்து ஃபோன் செய்தால் எடுக்க ஆள் குறைவு. ஐந்து ஆண்டுக்குப் பின்னோக்கிக் கேட்கும் உரிமை மட்டும் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது விதியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. ஏழைப் பகுதிப் பள்ளிக்கும் மற்றதற்கும் உள்ளூர்ப் பணத்தில் ஒப்பிடத்தக்க வசதி வேண்டும் என்ற விதி. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான விதி. இதில்தான் பெரிய ஓட்டையும் இருக்கிறது. ஒப்பிடும்போது, பணி அனுபவத்தால் வரும் சம்பள வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சட்டமே சொல்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறது? அனுபவமுள்ள, சம்பளம் கூடிய ஆசிரியர்கள் வசதியான பகுதிப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிப் போய்விடுவார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் ஏழைப் பகுதிப் பள்ளிக்கு. இரண்டு பள்ளியிலும் இருபது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், ஆகவே சமம் என்று படிவம் சொல்லும். டாலரில் பார்த்தால் சமமே இல்லை. கல்வித்துறை 2011-ல் வெளியிட்ட அறிக்கை, நாற்பது சதவீதத்துக்கு மேற்பட்ட டைட்டில் ஒன் பள்ளிகளில், அதே மாவட்டத்தில் அதே நிலையில் உள்ள மற்றப் பள்ளிகளைவிட ஒரு பிள்ளைக்கான ஊழியர் செலவு குறைவு என்று காட்டியது. 2016-ல் செயலர் ஜான் கிங் இந்த ஓட்டையை விதி மூலம் அடைக்கப் பார்த்தார். இரு கட்சியிலும் எதிர்ப்பு. 2017 ஜனவரியில் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். சிற்றுண்டிக்கு நாலு வரி விளக்கம் கேட்கிறோம். லட்சக்கணக்கான டாலர் ஊர்ப்பணம் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிப் பக்கம் சாய்வதை, படிவத்திலேயே தெரியாதபடி வைத்திருக்கிறோம். ஃபெடரல் பத்து டாலரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்கள் உள்ளூர்த் தொண்ணூறு டாலரைத் திரும்பியே பார்ப்பதில்லை. மானிய விதிகளைக் கேலி செய்பவர்களோடு நான் சேர்வதில்லை. அந்த விதிகள் பார்க்க வேண்டிய திசையில் பார்க்கவில்லை என்பதுதான் என் குறை.

நீங்கள் பெற்றோர், வீட்டுவரி கட்டுகிறவர்கள், இந்த அறையில் கணக்குப் படித்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இரண்டு காகிதங்களைக் காட்டிவிட்டு இறங்குகிறேன்.

ஒன்று, சிங்கிள் ஆடிட் அறிக்கை. 1984-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. ஃபெடரல் பணம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் செலவழிக்கும் எந்த மாவட்டமும் ஆண்டுதோறும் இந்தத் தணிக்கைக்கு உட்பட வேண்டும். அந்த வரம்பு முன்பு 7,50,000 டாலர். 2024-ல் விதிகளைத் திருத்தியபோது 10 லட்சமாக உயர்த்தினார்கள். 2024 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னோ தொடங்கும் நிதியாண்டுகளுக்குப் பொருந்தும். சின்ன மாவட்டங்களுக்கு நிம்மதி. அவற்றின் அறிக்கை இனி வராது என்பதும் அதில் அடக்கம். மற்ற மாவட்டங்களின் அறிக்கை ஃபெடரல் ஆடிட் கிளியரிங்ஹவுஸ் என்ற பொது இணையதளத்தில் இருக்கும், யாரும் படிக்கலாம். நூறு பக்கம் இருந்தால் பயப்படாதீர்கள், கடைசிப் பகுதிக்குப் போங்கள். இந்த ஆண்டின் ஆட்சேபணைகள், அவற்றைத் திருத்த மாவட்டம் தரும் திட்டம், போன ஆண்டு ஆட்சேபணைகள் என்ன ஆயின என்ற பட்டியல் மூன்றும் அங்கே இருக்கும். ஒரு முறை வந்த ஆட்சேபணை பெரிய விஷயமில்லை, எல்லோருக்கும் வரும். ஒரே ஆட்சேபணை மூன்று ஆண்டு தொடர்ந்து வந்தால், அந்த மாவட்டத்தில் அறிக்கையை யாரும் படிப்பதில்லை என்று பொருள்.

இரண்டாவது, 2015 சட்டம் கட்டாயமாக்கிய பள்ளி அறிக்கை அட்டை. அதில் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவாகிறது, அதில் ஃபெடரல் பணம் எவ்வளவு, மாநில, உள்ளூர்ப் பணம் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். உண்மையான சம்பளத்தை வைத்தே கணக்கிட வேண்டும், சராசரியை வைத்து இல்லை. ஒப்பீட்டு விதியில் விட்ட ஓட்டை இங்கே மூடியிருக்கிறது. ஆனால் காட்ட மட்டும்தான், தண்டிக்க இல்லை. உங்கள் மாவட்டத்தில் டைட்டில் ஒன் பள்ளி ஒன்றையும் அது இல்லாத பள்ளி ஒன்றையும் எடுத்து, ஃபெடரல் வரிசையைக் கையால் மறைத்துக்கொண்டு, மீதி இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டைட்டில் ஒன் பள்ளியின் எண் குறைவாக இருந்தால், ஏன் என்று அடுத்த வாரியக் கூட்டத்தில் பொதுமக்களுக்குத் தரும் நேரத்தில் எழுந்து கேளுங்கள். பதில் எழுத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.